ஏசுவடியான் கையெழுத்துப் போடாத கதை

கரமனை, திருவனந்தபுரம்
3-8-1997

அன்பு மருமகள் செல்லபாய்க்கு,

உன் மாமா ஞானையன் பைபிள்மேல் கைவைத்து இப்போது சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். உங்கள் சபைக் கமிட்டி நம்பாது. பக்கத்தில் நின்று பார்த்த நானே இன்னும் பாதிதான் நம்பியிருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டிருப்பது நீ.

அதற்கு முன்னால் சுகச் செய்தி. சர்க்கார் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் ஃபைல் சுமந்து இளைப்பாறும் இந்தக் கரமனைச் சக்கரவர்த்திக்கு முழங்கால், முதுகு, பல் ஆகிய மூன்று மாகாணங்கள் கைவிட்டுப் போயின. மற்றபடி கர்த்தர் கிருபையால் ராஜ்யம் நலம். தங்கச்சி தாசம்மாள் எப்படி இருக்கிறாள்? இன்னும் முந்திரிக்கொட்டை உடைக்க அண்டி ஆபீஸுக்குப் போகிறாளா?

மேலப்பனவிளைச் சபையின் நூற்றாண்டு மலரில் உன் அப்பாவை 'நம் சபையின் இரத்தசாட்சி' என்று போடப்போகிறார்கள், நீதான் கட்டுரை எழுதவேண்டும் என்று எழுதியிருந்தாய். எழுது மக்களே. நடந்தது இது.

1974 ஜூன். அன்று பெய்த மழையில் தம்பானூரில் நின்ற ரயில் மிதந்து கிள்ளிப்பாலம் வந்து சேர்ந்தது. தாசில்தார் மேசையில் ஒரு கடலாசு. 'நான் இந்து' என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டால் நம் ஆட்களுக்கான ஒதுக்கீட்டில் லாஸ்ட் கிரேடு உத்தியோகம், சம்பளம், பென்ஷன். கிறிஸ்தவன் என்று சொன்னால் ஒதுக்கீடு கிடையாது, சாலைச் சந்தையில் வத்தல் மிளகாய் மூட்டை சுமப்பதுதான் கதி. பாவி நான் முதலில் போட்டேன். பேனா வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. அடுத்து உன் அப்பா ஏசுவடியான் அந்தப் பேனாவைத் தொட்டார். மின்விசிறி நின்றது. கிழக்கேகோட்டையில் யானை முட்டுப்போட்டது. பேனா முள் மூன்றாக உடைந்தது. தாசில்தார் எழும்பித் தன் நாற்காலியைக் காட்டி, "ஐயா, நீங்க இரியுங்க" என்றார். உன் அப்பா இருக்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். வெளியே நின்ற ஆட்டோக்காரர் பதினேழு பேர் மனந்திரும்பினார்கள்.

இதை அப்படியே அச்சில் போடு. யானையின் பெயர் வேண்டுமென்றால் விசாரித்து எழுதுகிறேன்.

எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

மாமா ஞானையன்


மேலப்பனவிளை
16-8-1997

கிறிஸ்துவுக்குள் அன்பான மாமாவுக்கு,

செல்லபாயின் ஸ்தோத்திரம். உங்கள் முழங்கால் மாகாணத்தை மீட்க அம்மா காயத்திருமேனி எண்ணெய் ஒரு குப்பி கொடுத்தனுப்புகிறாள். அம்மா இன்னும் அண்டி ஆபீஸுக்குப் போகிறாள். விரல் நுனி கறுத்து வெடித்திருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் வாசித்தேன். யானை வந்ததும் போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். செயலாளர் ஞானசிகாமணி அண்ணன், "யானையை எடுத்துட்டா மிச்சம் எத்தனை வரி வரும் டீச்சர்?" என்று கேட்டார். நானும் எண்ணிப் பார்த்தேன் மாமா. ஒரு வரிதான் வருகிறது. அப்பா கையெழுத்துப் போடவில்லை.

அப்பா ஒரு மூச்சில் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. ஒன்றே முக்கால் மணி நேரப் பிரசங்கத்தை எப்படி எழுதுவேன்? எனக்குத் தெரிந்த அப்பா சனிக்கிழமை திருவனந்தபுரம் பஸ்ஸில் வந்து இறங்குவார், இருமுவார், திங்கள் விடியுமுன் போய்விடுவார். அசனப் பண்டிகை விருந்தில் சபை அவருக்குத்தான் முதல் இலை போடும். அவர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டு எழும்புவார். தாழ்மை என்று எல்லோரும் சொல்வார்கள்.

போதகர் ஐயா திருச்சபை வரலாறு ஒன்று இரவல் தந்திருக்கிறார். அதில் வாசித்தது உங்களுக்குப் பிடிக்கும். டேசியுஸ் என்று ஒரு ரோமப் பேரரசன். எல்லோரும் தேவர்களுக்குப் பலியிடவேண்டும், பலியிட்டதற்கு அதிகாரியிடம் சீட்டு வாங்கவேண்டும் என்று கட்டளை போட்டானாம். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் செத்தார்கள். பயந்து பலியிட்டவர்களும் உண்டு. இன்னும் சிலர் பலியிடாமலே அதிகாரிக்குக் கைக்கூலி கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். எகிப்து மணலுக்கடியில் அந்தச் சீட்டுகள் சில இன்னும் கிடைக்கின்றனவாம். ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு முந்திய தாசில்தார் சர்ட்டிபிகேட்.

எனக்கும் இப்போது அப்படி ஒரு சீட்டு வந்திருக்கிறது மாமா. ஆதிதிராவிடர் இடங்களுக்கு ஆசிரியர் சிறப்புத் தேர்வு, இந்து என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நவம்பர் 28 கடைசித் தேதி. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் வன்னியராஜ், "ஒரு கையெழுத்து டீச்சர். ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போறீங்கன்னு யாரு வந்து பாக்கப்போறா" என்கிறார். நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் ஆறு மாதமாகப் பாதிச் சம்பளம். அம்மாவின் விரலைப் பார்த்தால் பேனாவை எடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்பாவை நினைத்தால் வைத்துவிடுவேன்.

நான் கேட்பது கொஞ்சம்தான். அன்று யார் யார் இருந்தார்கள்? அப்பா என்ன சொன்னார்? யானை வேண்டாம், அந்த நாலு வார்த்தை போதும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
செல்லபாய்


கரமனை
18-9-1997

அன்பு மருமகளுக்கு,

பதில் பிந்தியதற்கு ஓணத் திரக்கு காரணம். இந்த ஓணத்துக்குத் திருவனந்தபுரத்தில் ஏறிய ஜனத்தின் பாரத்தால் ஊர் மூன்று அங்குலம் தாழ்ந்துவிட்டது, கடல் பயந்து பின்வாங்கியது. காயத்திருமேனி எண்ணெய் வந்து சேர்ந்தது. ஒரு வேளைதான் தேய்த்தேன், முழங்கால் என்னை விட்டுத் தனியாக நடந்து சாலைக்கடை வரை போய்வந்தது. தங்கச்சிக்கு நன்றி சொல்.

யார் இருந்தார்கள் என்று கேட்டாய். நான், உன் அப்பா, கர்த்தர், ஒரு எழுத்துமேசைக் குமாஸ்தா. இவர்களில் பேசக்கூடியவன் நான் ஒருத்தன்தான் பாக்கி. என்ன சொன்னார் என்று கேட்டாய். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்திய பேச்சு, மக்களே. ஏதோ தேவனைப்பற்றித்தான். அழகாக ஏதாவது நீயே எழுது, டீச்சருக்கு வராத தமிழா?

உத்தியோக விஷயத்துக்கு வருகிறேன். போடு. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு. பேதுரு ஒரே ராத்திரியில் மூன்று தடவை மறுதலித்தார், பரலோகத்தின் திறவுகோலை அவர் கையில்தான் கொடுத்தார்கள். உன் மாமா ஒரே தடவைதான் மறுதலித்தேன். சபை மூன்று வருஷம் அப்பமும் ரசமும் தராமல் திருவிருந்துக்கு வெளியே நிறுத்தியது, நான் என்ன இளைத்தா போனேன்? ஆண்டவருக்கு உன் பெயர் தெரியும். தாசில்தாருக்குத் தெரியவேண்டும் என்று அவருக்கு ஒரு நிர்ப்பந்தமும் இல்லை.

உன் அப்பாவின் காலம் வேறு, உன் காலம் வேறு. அவரை நினைத்துக்கொண்டு நீ பேனாவை வைக்காதே. இதை மட்டும் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தாசம்மாளை அண்டி ஆபீஸிலிருந்து நிறுத்து.

மாமா


மேலப்பனவிளை
28-9-1997

கிறிஸ்துவுக்குள் அன்பான மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வீடு திரும்பியதா?

நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பா அன்னைக்கு என்னம்மா சொன்னார்" என்று கேட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எழும்பி அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து, "உங்க மாமாட்ட கேளு. கூடப் போனது அவந்தான்" என்றாள். நான் திரும்பவும் கேட்டபோது, "செத்த மனுசனை நிம்மதியா கிடக்க விடு பிள்ளே" என்றாள்.

போதகர் ஐயாவிடமும் கேட்டேன். கட்டிலில் இருமிச் செத்தவரை இரத்தசாட்சி என்று எழுதலாமா என்று. எப்படிச் செத்தார் என்பது இரண்டாவது, எதற்காக இழந்தார் என்பதே முதலாவது என்றார் அவர். ஆதிச் சபையில் தானாக ஓடிப்போய்ப் பிடிகொடுத்தவனை மெச்சமாட்டார்களாம். தப்பி ஓடுவது பாவமில்லை. ஆனால், "நீ யார்" என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டால் அந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது. அவ்வளவுதான். "உங்க அப்பாவை முகத்துக்கு நேரே கேட்டாங்க. அவர் சொன்னார். அப்புறம் இருபது வருஷமா வத்தல் தூசியில அதுக்கு விலை கொடுத்தார். இதுக்கு மேல என்ன இரத்தம் வேணும்?" என்றார். அன்று இரவெல்லாம் எனக்கு இதே நினைப்பு.

கோயில் முகப்பில் அப்பா பெயரில் சலவைக்கல் பதிக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது.

நீங்கள் ஏன் எப்போதும் வேடிக்கையாகவே எழுதுகிறீர்கள் என்று யோசித்தேன் மாமா. கோபப்படாதீர்கள். அப்பா நின்ற இடத்தில் நீங்கள் விழுந்தீர்கள் என்ற சங்கடத்தால்தானே? அந்தக் காலத்தில் விழுந்தவர்கள் சிறைக்குப் போய், அங்கே விசுவாசத்துக்காகக் கிடந்தவர்களிடம் சமாதானச் சீட்டு வாங்கி வருவார்களாம், இவரை மறுபடி சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. அப்பா உயிரோடு இருந்திருந்தால் உங்களுக்கு முதல் சீட்டு எழுதியிருப்பார். அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்ததை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை.

அந்த நாலு வார்த்தையை மட்டும் ஞாபகப்படுத்தி எழுதுங்கள்.

அன்புடன்,
செல்லபாய்


மேலப்பனவிளை
2-11-1997

அன்பான மாமாவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? திருவனந்தபுரம் பஸ் கண்டக்டரிடம் விசாரித்தேன். உங்களைக் கரமனைப் பாலத்தில் சும்மா நிற்கப் பார்த்ததாகச் சொன்னார். சும்மா நிற்கிற ஆளா நீங்கள் என்று அம்மா பயப்படுகிறாள். சங்கடப்படுத்தும்படி நான் ஏதாவது எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

காத்திருக்க முடியாததால் கட்டுரையை முடித்துவிட்டேன். கடைசிப் பகுதி இது: 'என் தகப்பனாரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அவர் ஒரே ஒரு பதில் சொன்னார். அந்தப் பதிலை அவர் சாகும்வரை தோளில் சுமந்தார். அவர் மகள் என்ற பெயருக்கு நான் தகுதியுள்ளவளாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் இல்லை.'

அதனால் அந்த வேலைக்கு எழுதிப்போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். படிவம் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழித்துவிடுவேன். அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை, அண்டி ஆபீஸுக்குக் கிளம்பிப் போனாள்.

கல்லுக்கு அடுத்த வாரம் சொல்லிவைக்கிறார்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

செல்லபாய்


(தபால் அட்டை)
கரமனை, 6-11-1997

செல்லபாய்,
படிவத்தைக் கிழிக்காதே. கல்லை நிறுத்தச் சொல். நான் சாகவில்லை, சுகம். பின்னால் கடிதம் வருகிறது. அதைத் தனியாக இருந்து வாசி.
ஞானையன்


கரமனை
10-11-1997

செல்லபாய்,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தை நாலு தரம் தொடங்கினேன். நாலு தரமும் யானை வந்துவிட்டது. யானை வராமல் எழுதியது இது ஒன்றுதான்.

உன் அப்பா கையெழுத்துப் போட்டார்.

நானும் அவரும் ஒன்றாகத்தான் போனோம். நீ ஆறு மாதக் குழந்தை, தாசம்மாளுக்கு மஞ்சள் காமாலை. மழை பெய்ததுகூடப் பொய், நல்ல வெயில். குமாஸ்தா என் பெயரைப் பார்த்தார். ஞானையன் என்ற பெயருக்கு எந்த மதமும் தெரியாது. உன் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "இதில் பாதியைக் களையணும்" என்றார். ஏசுவை எடுத்துவிட்டு 'அடியான்' என்று எழுதினார்கள். உன் அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டார். ஒன்றும் உடையவில்லை. வெளியே வந்து ஆளுக்கொரு சாயா குடித்தோம். அவர் பாதி வைத்துவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் இரண்டு பேரும் விழுந்தோம் என்று எழுதி முடித்திருப்பேன்.

இருந்தது ஒரே ஒழிவு, ஒரே ஒரு காலியிடம். அவர் எட்டாம் வகுப்பு, நான் ஆறு. இரண்டு மனுவும் போனால் அவருக்குத்தான் கிடைக்கும் என்று ஆபீஸில் ஒருவன் சொன்னான். கடைசித் தேதியன்று அவருக்கு லாரி இறக்குகிற வேலை. "மச்சான், என்னோடதையும் நீயே கொடுத்துரு" என்று கடலாசைத் தந்தார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். அவருடையதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெயரைக் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

எனக்கு வேலை கிடைத்ததும் ஊரில் பேச்சு வந்தது. நான் எப்படி வாங்கினேன் என்று எல்லோருக்கும் தெரியும். 'ரெண்டு பேரும் போனாங்களே, அவனுக்கு ஏன் கிடைக்கல்லை' என்று கேட்கத் தொடங்கினார்கள். அசனப் பண்டிகை வந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழும்பினேன். "நான் விழுந்துபோனேன் சகோதரரே, என் மாப்பிள்ளை நின்றார். அவர் கையெழுத்துப் போடவில்லை" என்று அழுதேன். நிஜமாகவே அழுதேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. சின்னப் பாவத்தைச் சபை நடுவில் அறிக்கையிட்டேன், பெரிய பாவத்தைத் தேட யாருக்கும் தோன்றாது என்று. சபை எழுந்து நின்று அவருக்காக ஜெபித்தது. உன் அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். இல்லை என்று சொல்லவேண்டுமென்றால், நானும் போட்டேன் என்று அவர் சொல்லவேண்டும். வாயைத் திறக்கவில்லை. திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றுதான் அவருக்கு முதல் இலை போட்டார்கள்.

அவர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டது தாழ்மையால் அல்ல மக்களே.

இதுதான் கதை முழுவதும். ஆகவே, அப்பா போடவில்லை என்று சொல்லி நீ போடாமல் இருக்காதே. அவர் உனக்காகப் போட்டார். நீ உன் அம்மாவுக்காகப் போடு. உன் சமாதானச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அதைப் பெற்றுக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஞானையன்


மேலப்பனவிளை
19-4-1998

மாமாவுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அம்மா சுகம். உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்கச் சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட்டது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நீங்கள் அதைக் கொடுக்காதது தெரியாது. வாசித்துக் காட்டினேன். "அவன் எனக்கு மூத்தவன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நவம்பர் 27 அன்று நான் கையெழுத்துப் போட்டேன். அப்பாவும் போட்ட கையெழுத்துதானே என்று நினைத்துக்கொண்டேன். வேலை கிடைத்துவிட்டது. ஜூன் ஒன்றாம் தேதி சேரவேண்டும். அம்மா அண்டி ஆபீஸை விட்டுவிட்டாள்.

போன ஞாயிறு அசனப் பண்டிகை. நூற்றாண்டு மலரும் அன்றுதான் வெளிவந்தது. என் கட்டுரை அதில் இல்லை. கல்லும் இல்லை. சாட்சி நேரத்தில் நான் எழும்பி, என் அப்பாவும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன் என்று சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்லவேண்டியது. யாரும் சத்தம் போடவில்லை. ஞானசிகாமணி அண்ணன்தான், "பத்தொம்பது வருசம் முதல் இலை போட்டோமேம்மா" என்றார். பின்வரிசையில் யாரோ, "ஆளு கள்ளன்தான் போலிருக்கு" என்றது அம்மா காதில் விழுந்தது. நாங்கள் பந்தியில் இருக்காமல் வந்துவிட்டோம். என்னைத் திருவிருந்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், அது நியாயம்தான்.

அப்பாமேல் எனக்குக் கோபமில்லை. அவரும் என்னைப்போலப் பயந்த ஆள் என்று தெரிந்தபிறகு அவரிடம் நெருங்க முடிகிறது. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்துகிறது. பொய்யான ஒரு பெயருக்குள் அத்தனை வருஷம் எப்படி இருந்தார்? ஒருநாளாவது அதை இறக்கிவைக்கத் தோன்றவில்லையா?

உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கதை வேண்டாம்.

செல்லபாய்


கரமனை
30-5-1998

மக்களே செல்லபாய்,

நாளை மறுநாள் உன் பள்ளி திறக்கிறது. இந்தக் கடிதம் நீ வேலையில் சேர்ந்த பிறகுதான் உன் கைக்கு வரும். அதையும் யோசித்துத்தான் இன்று தபாலில் போடுகிறேன். இதிலிருந்தே உன் மாமா எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்.

நவம்பரில் 'கதை முழுவதும்' என்று எழுதினேன். முழுவதும் இல்லை. பாதியை வைத்துக்கொண்டேன். மீதியையும் எழுதினால் நீ கையெழுத்துப் போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு வேலை கிடைக்கவேண்டும் என்றுதான் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், உன் அப்பாவுக்கு நான் இல்லாமல் ஆக்கியது உனக்குக் கிடைத்துவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வருமே, அதற்காகத்தான். இப்போது உன் வாயாலேயே சபை நடுவில் அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன்.

1975 ஆகஸ்டில் என் ஆபீஸிலேயே இன்னொரு ஒழிவு வந்தது. இந்தத் தடவை போட்டியில்லை, சூப்பிரண்டே சரி என்றுவிட்டார். ஃபாரம் முழுவதையும் நானே நிரப்பினேன். அவர் கையெழுத்து மட்டும் வேண்டும். எடுத்துக்கொண்டு மத்தியானம் சாலைக்கு ஓடினேன். உன் அப்பா வத்தல் குடோன் படியில் உட்கார்ந்து கண்ணில் வெள்ளம் அள்ளி அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் கோவைப்பழம்.

"மாப்பிள்ளே, இது உறப்பான சோலி. ஒப்பு மட்டும் போடு. நாளைக்கே ஆர்டர்" என்றேன்.

வாசித்தார். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். 'அடியான்' என்ற இடத்தில் விரலை நிறுத்தினார்.

"வேண்டாம் மச்சான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போன வருசம் போட்ட ஆள்தானே நீ? இப்ப மட்டும் என்ன புதுசா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு வாய் இருந்தது பார்.

அவர் சத்தம் உயர்த்தவில்லை. "போன வருசம் போட்டேன். அப்புறம் அம்பது குடும்பம் எழும்பி நின்னு எனக்காகச் செபிச்சுது. அவங்க செபிச்ச ஆளு நானில்லை. ஆனா மச்சான், அந்த ஆளு நல்ல ஆளு. சாவதுக்குள்ள அவனா ஆயிரணும் எண்ணு ஒரு ஆசை" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

ஈரக்கை படாதபடி கடலாசை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "தாசம்மாகிட்ட இதைச் சொல்லாதே, அவ வயிறு எரிவா" என்றார். பிறகு எழும்பி மூட்டைக்குக் குனிந்தார். தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும், அன்று நான்தான் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவர் தோளில் அதை ஏற்றிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

முந்திய வருஷம் நான் அவர் மனுவைக் கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியுமா? தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார், ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருநாளாவது இறக்கிவைக்கத் தோன்றவில்லையா என்று கேட்டாய். இறக்கிவைக்க நான் வழி கொண்டுபோனேன். அவர் வேண்டாம் என்றார். அதற்குப் பெயர் இரத்தசாட்சியா என்று உன் போதகர்தான் சொல்லவேண்டும். ஒரு திருடன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிவிட்ட பொய்யை ஒருத்தர் உள்ளே போயிருந்து நிஜமாக்கினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் ஏழாம் தேதி ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். சாட்சி நேரம் இன்னும் ஆராதனைக்கு முடிவில்தானே? இரண்டு வருஷக் கதையையும் என் பெயரோடு சொல்வேன். அழமாட்டேன். நான் சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை, அதற்கு வேண்டியதையெல்லாம் வாழ்நாள் முழுவதும் நானே செய்துவைத்திருக்கிறேன். நீயும் நம்பாமல் இருக்கலாம். தங்கச்சியிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல். சோறு வைக்கவேண்டாம்.

இத்தனை கடிதத்திலும் நான் உனக்குச் சொன்னவற்றில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். உன் அப்பா கையெழுத்துப் போடவில்லை. ஒரு வருஷம் பிந்தி, சபையும் தாசில்தாரும் இல்லாத இடத்தில், என் ஒருத்தன் கண்முன்னால்.

ஞானையன்